ஆர்லோ பெக்கம் அரத்தால் போட்ட அடையாளம்

ஊருக்கு நூறு வயது ஆகிறது என்று கார்வினில் ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி ஒரு புத்தகம் போட்டது. அதன் நாற்பத்தோராம் பக்கத்தில் லட்லம் மோட்டார் கம்பெனியின் வரலாறு என்று ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. முதலாளி லட்லம் தொப்பியோடு நிற்கிற படம் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கடைசிப் பத்தியில், 'ஊழியர் ஒருவர் அரத்தால் ராவி உறுதி குலைத்த பாகத்தால் நேர்ந்த விபத்து, வளர்ந்துவந்த இத்தொழிலை முடக்கியது' என்று அச்சடித்திருக்கிறார்கள். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்த ஊழியர் யார் என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கமிட்டிக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். இடம் போதாது என்று பதில் வந்தது. லட்லமின் தொப்பிக்கு இடம் இருந்ததே, அதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது? சரி, அவர்கள் போடாவிட்டால் போகட்டும். நானே எழுதுகிறேன். எனக்கு அறுபத்திரண்டு வயது, கை இன்னும் நடுங்கவில்லை.

அந்த ஊழியர் ஆர்லோ பெக்கம். நான் டெலா ஸ்ட்ரிக்லர். ஏழு வருஷம் அந்தத் தொழிற்சாலையின் மாடியில் உட்கார்ந்து, கார் இருக்கைகளுக்குள் குதிரைமயிரை அடைத்துத் தோல் தைத்தவள். புத்தகம் எழுதிய பெரிய மனிதர்களில் ஒருவர்கூட அந்தப் படியேறி வந்தவர் கிடையாது.

லட்லமின் அப்பா குதிரை வண்டி செய்தவர். மகனுக்கு 1907இல் மோட்டார் ஆசை பிடித்தது. இந்தியானாவில் அப்போது வண்டிப் பட்டறை வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஆசை பிடித்திருந்தது. எஞ்சின் ஒஹாயோவிலிருந்து பெட்டியில் வரும். ரேடியேட்டர் வேறெங்கிருந்தோ வரும். சக்கரம், மேல்கட்டு, பெயின்ட், இருக்கை எல்லாம் எங்கள் கை வேலை. வாரத்துக்கு ஆறு கார் முடிந்தால் அது பெரிய வாரம். சனிக்கிழமை மதியம் அந்த ஆறையும் ரயிலடிக்கு ஓட்டிப் போவார்கள். செய்தவர்களே பெண்டாட்டி பிள்ளைகளோடு ஏறிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். சொந்தமாகக் கார் வாங்க எங்களில் யாருக்கு வக்கு இருந்தது? அந்த முக்கால் மைல்தான் எங்கள் பங்கு. அதற்கென்று நான் ஒரு தொப்பி வைத்திருந்தேன், நீல ரிப்பன் வைத்தது.

ஆர்லோவுக்கு வேலை, காரை ஓட்டிப் பார்ப்பது. அதற்கு முன்னால் கதிரடிக்கும் நீராவி எஞ்சினோடு பண்ணை பண்ணையாகச் சுற்றியவர். மேல்கட்டு மாட்டாத வெறும் சேசிஸில் சோப்புக் கட்டிகள் வந்த மரப்பெட்டி ஒன்றை ஆணியடித்து உட்காருவார். பின்னால் நான்கு மணல் மூட்டை. கல்லறை மேட்டில் ஏறி, பக் ஓடைப் பாலம் வரை போய்த் திரும்பி வரும்போது, கண்ணாடி மறைத்த இடம் தவிர முகமெல்லாம் சேறாக இருக்கும். வந்ததும் பச்சை வெங்காய சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு மாடிப்படியில் உட்காருவார். நாற்றம் தாங்க முடியாது என்று நாங்கள் எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டார். செக்கர்ஸ் ஆட்டத்தில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போவார். அவரை மகான் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மகா பிடிவாதக்காரர், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிடிவாதம் முழுவதையும் வேலையில் வைத்திருந்தார்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் சக்கரத்தை இழுத்துத் திருப்ப ஓர் இரும்புக் கை உண்டு. முழங்கை நீளம், நடுவில் கழுத்துபோல் ஒடுங்கியிருக்கும். அது போனால் காரும் போச்சு, ஓட்டுகிறவனும் போனான். ஆர்லோ தினமும் காலையில் பலகையில் கிடக்கிற கைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டுவார். நல்லது கணீர் என்று கேட்கும். உள்ளே ஓட்டையோ விரிசலோ இருந்தால் சத்தம் அமுங்கிப் போகும். அமுங்கியதன்மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி போட்டது வாசலோரம் இருந்த கழிவுப் பீப்பாய்க்குப் போக வேண்டும். எங்கள் தொழிற்சாலைச் சட்டம் அது.

சட்டத்தைத் துடைக்க ஒரு ஈரத் துணி போதும் என்று கண்டுபிடித்தவர் ஃபோர்மேன் ஹஸ்கின்ஸ். ஒருநாள் ரயிலடியில் ஏற்றிய காருக்கு அடியில் ஆர்லோ குனிந்து பார்த்தார். தான் கழித்த கை அதில் மாட்டியிருந்தது. அதன் முனையில் இருந்த அம்மைத் தழும்புபோன்ற குழியை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். ரயில் வண்டியிலிருந்து காரை இறக்க வைத்தார். அன்றைக்குச் சண்டை என்றால் அப்படி ஒரு சண்டை. மறுநாளிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை விட்டுவிட்டு முக்கோண அரத்தை எடுத்தார். கழித்த கையின் தடித்த முனையில், வெளி விளிம்பில், ஒரு வெட்டு. பாரமே விழாத இடம் அது. ஒடுங்கிய கழுத்துக்கும் அதற்கும் நடுவில் மூன்று விரல் அகலம் உண்டு. நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். துடைத்துப் பார் இப்போது என்று ஹஸ்கின்ஸின் மூஞ்சிக்கு நேராகவே சொன்னார்.

1912 இலையுதிர் காலத்தில் கான்சஸிலிருந்து ஒரு வியாபாரி நாற்பது கார் கேட்டான். நாற்பது! லட்லம் தலைகால் புரியாமல் ஆடினார். அடித்துச் செய்த எஃகுக் கைகள் நேரத்துக்கு வந்துசேரவில்லை. ஹஸ்கின்ஸ் எங்கிருந்தோ வார்ப்பு இரும்புக் கைகள் ஒரு பெட்டி வரவழைத்தார். ஆர்லோ தட்டிப் பார்த்து அதில் பதினொன்றில் வெட்டுப் போட்டுப் பீப்பாயில் எறிந்தார்.

"நீ ஒவ்வொண்ணாத் தட்டிக்கிட்டு இருந்தா கான்சஸ்காரன் கிழவனாயிடுவான் ஆர்லோ" என்றார் ஹஸ்கின்ஸ்.

"கிழவனாகற வரைக்கும் உயிரோட இருப்பான்ல" என்றார் ஆர்லோ. பெயின்ட் பிரிவு முழுக்கச் சிரித்தது. ஹஸ்கின்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் நான் மாடி ஜன்னலோரம் நின்றிருந்தேன். ஹஸ்கின்ஸ் கழிவுப் பீப்பாயைச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உருக்குவதற்குத் திருப்பி அனுப்புகிறோம் என்று முற்றத்தில் யாரிடமோ சொன்னார். சாக்கைத் தூக்கிக்கொண்டு முற்றத்து மூலை திரும்பினார். கீழே நிற்கிறவர்களுக்கு அதோடு அவர் மறைந்துவிடுவார். மேலே நின்ற எனக்கு மறையவில்லை. அவர் வெளிக் கதவுக்குப் போகவில்லை. காரின் பாகங்களை மாட்டுகிற கொட்டகைக்குப் போனார். வாசலிலேயே சாக்கை அவிழ்த்து, கைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்தார். நான் எண்ணினேன். பதினொன்று.

அன்று சாயங்காலம் அவர் மாடிக்கு வந்தார். எதற்கும் மாடிக்கு வராத மனுஷன். என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கா டெலா? உங்க அப்பா கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். என் அப்பா மரம் அறுக்கிற ஆலையில் ஒரு காலை விட்டவர். வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். வெளிச்சம் நன்றாக இருக்கிறது சார் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வேலை நெருக்கியதில் மூன்றில் ஒரு கார்தான் ஓட்டிப் பார்க்க ஆர்லோவிடம் போனது. மற்றவை நேராக ரயிலடிக்குப் போயின. ஒன்று மட்டும் ஊரிலேயே தங்கியது. கிராமத் தபால்காரர் ஃபெரிஸ் டோன் அதை வாங்கியிருந்தார். மழைக்காலத்தில் குதிரையோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோனவர். கார்வினில் கார் வாங்கிய முதல் கூலிக்காரர் அவர்தான் என்று எங்கள் எல்லாருக்கும் பெருமை. அந்தக் காரின் முன் இருக்கை நான் தைத்தது.

மார்ச் மாதம் பக் ஓடைப் பாலத்தில் திரும்பும்போது ஸ்டியரிங் சும்மா சுற்றியிருக்கிறது. கார் பாலத்துக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு கவிழ்ந்தது. ஃபெரிஸ் அதற்கு அடியில் கிடந்தார். கடிதங்கள் ஓடையில் ஒரு மைல் தூரம் போயின. அவற்றை எடுத்துக் காயவைத்துப் பட்டுவாடா செய்தார்கள், ஃபெரிஸின் பெண்டாட்டி மின்னியும் அவர்களோடு சேர்ந்து செய்தாள்.

உடைந்த கையை எடுத்துப் பார்த்தால் அதில் ஆர்லோவின் அர வெட்டு இருந்தது. நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? கழித்துப் போட்ட சாமானை மாட்டியவன் யார் என்று கேட்டிருக்க வேண்டாமா? மரண விசாரணை நகர மன்றக் கூடத்தில் நடந்தது. கம்பெனி இந்தியானாபொலிஸிலிருந்து ஒரு பொறியாளரைக் கூட்டி வந்தது. அவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அந்த இரும்பைத் தூக்கிக் காட்டினார். இரும்பில் அரத்தால் வெட்டினால் அங்கிருந்துதான் விரிசல் பிறக்கும் என்றார். பெக்கம் இரும்பின் கடினத்தைச் சோதிக்கிற பழக்கத்தில் வெட்டிவிட்டு, தேறியது என்று அனுப்பிவிட்டார் என்று ஹஸ்கின்ஸ் பைபிள்மேல் கை வைத்துச் சொன்னார். கை வைத்துச் சொன்னார் ஐயா! அந்தக் கை அழுகவில்லை. நன்றாக வாழ்ந்துதான் செத்தார்.

ஜூரியில் ஆறு பேர். இரும்பு ஒவ்வொருவர் மடியாகச் சுற்றி வந்தது. கழுத்தில் உடைந்திருக்கிறது, வெட்டு முனையில் இருக்கிறது, நடுவில் மூன்று விரல் அகலம் முழு இரும்பு இருக்கிறது. உழவுக் கலப்பையைத் தாங்களே பற்றவைக்கிற விவசாயிகள் அவர்கள். அவர்களுக்கா தெரியாது? தெரியும். ஆறு பேரில் நான்கு பேர் வீட்டுப் பிள்ளைகள் லட்லமிடம் வேலை பார்த்தார்கள் என்பதும் தெரியும்.

ஆர்லோவைக் கூப்பிட்டார்கள். கோட்டு போட்டு வந்திருந்தார். வெட்டு என்பது கழித்ததற்கு அடையாளம், பதினொன்றையும் பீப்பாயில் போட்டேன், ஹஸ்கின்ஸ் சாக்கில் எடுத்துப் போனார், உருக்கப் போகிறது என்றார், நம்பினேன் என்று சொன்னார். அப்போது விசாரணை அதிகாரி, அந்தக் கைகள் திரும்ப வேலைக்கு வந்ததை யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்.

ஆர்லோ கூடத்தைப் பார்த்தபடி நின்றார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடப்பக்கம் ஹஸ்கின்ஸின் மனைவி.  எழுந்திரு, எழுந்திரு என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அதிகாரி இன்னொரு தடவை கேட்டார், யாராவது பார்த்தார்களா மிஸ்டர் பெக்கம் என்று.

"சொல்றதுக்கு யாரும் இல்ல சார்" என்றார் ஆர்லோ.

ஊழியரின் கவனக்குறைவு என்று தீர்ப்பு எழுதினார்கள். ஜெயிலில் போடவில்லை. அது பெரிய தயவு என்று லட்லம் சொல்லிக்கொண்டார். வெளியே வந்தபோது மின்னி டோன் படியில் நின்றிருந்தாள். ஆர்லோ தொப்பியைக் கழற்றினார். அவள் அவர் கண்ணெதிரே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

அடுத்த வருஷமே கம்பெனி மூடியது. அதற்கும் ஆர்லோவின் அரத்துக்கும் என்ன சம்பந்தம்? டெட்ராய்ட்காரர்கள் எங்களைவிடப் பாதி விலைக்கு ஆயிரக்கணக்கில் கார் இறக்கினார்கள். எங்களைப்போன்ற சின்னக் கம்பெனிகள் எத்தனையோ அந்த இரண்டு மூன்று வருஷத்தில் பூண்டோடு போயின. அங்கெல்லாமா ஆர்லோ போய் அரம் வைத்து அறுத்தார்? ஆனால் வேலை போன இருநூறு பேருக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. லட்லம் கலிபோர்னியாவுக்குப் போய் எலுமிச்சைத் தோட்டம் வாங்கினார். ஹஸ்கின்ஸ் டோலிடோவில் பெரிய வேலைக்குப் போனார். கைக்கு எட்டியது ஆர்லோ ஒருவர்தான். அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. போனால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ.

தானியக் கிடங்கின் எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. பதினெட்டு வருஷம். முடிவெட்டும் கடைக்குள் அவர் நுழைந்தால் யாராவது ஒருவன், அரம் கொண்டுவந்திருக்கிறாயா, நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பான். தெருவில் கார் நின்றுபோய் நான்கு பேர் மூடியைத் திறந்து விழித்துக்கொண்டிருப்பார்கள். இந்த மாவட்டத்திலேயே எஞ்சின் தெரிந்த ஒரே மனுஷன் பக்கத்தில் நடந்து போவார். ஒருத்தன் கூப்பிட மாட்டான். அவரும் பார்க்காததுபோல் போவார். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

நான் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் எழுத்தராகச் சேர்ந்திருந்தேன். 1931இல் பள்ளிக்கு ஒரு பஸ் வாங்கினார்கள். ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் கேட்டு விளம்பரம் வந்தது. ஆர்லோ விண்ணப்பம் போட்டார். ஐம்பது வயது தாண்டியவர், இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாய் திறந்து ஒன்று கேட்டார். குழு இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை. தலைவர், நம் குழந்தைகளை அவன் கையிலா கொடுப்பது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். 'அனைவரும் அறிந்த காரணங்களால் இயலவில்லை' என்று ஒரு வரிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். அதை டைப் அடித்தவள் நான். அடித்து முடித்துத் தாளை உருவும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தபாலில் போடவில்லை. நானே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. கடிதத்தை வாங்கினார், நின்றபடியே படித்தார், நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் படபடவென்று ஆரம்பித்தேன். இந்த ஊர் உங்களுக்குச் செய்தது அக்கிரமம், குழுவில் இருப்பவர்கள் மனுஷர்களே இல்லை, லட்லம் உருப்பட மாட்டார் என்று என்னென்னவோ சொன்னேன். வாசலில் நின்று ஊரையே திட்டித் தீர்த்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒருவழியாக அதையும் சொன்னேன். அன்றைக்கு ஜன்னலில் நான் நின்றேன், ஹஸ்கின்ஸ் சாக்கை அவிழ்த்ததைப் பார்த்தேன், பதினொன்றையும் எண்ணினேன் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அவன் சாக்கத் தூக்கிக்கிட்டு மூலை திரும்புனப்ப நான் பீப்பாய்கிட்டதான் நின்னேன். நிமிந்து பாத்தேன். நீ ஜன்னல்ல நின்ன. அந்த ஜன்னல்ல இருந்து பாத்தா கொட்டகை வாசல் தெரியும்னு எனக்குத் தெரியாதா?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், டெலா ஸ்ட்ரிக்லரைக் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை விசாரணையில் சொல்லியிருந்தால் போதுமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன துணிச்சல் பாருங்கள். கோபமாகவே கேட்டேன், ஏதோ தப்பு அவருடையது மாதிரி.

"நான் உன் பேரச் சொன்னா மறுநாள் உனக்கு வேலை இல்ல. உங்க அப்பாவுக்கு ஒரு கால் இல்ல. அத நான் செய்யக் கூடாது. நீயா எந்திரிச்சா அது உன் இஷ்டம்." கதவைப் பிடித்துக்கொண்டார். "அவரு மொத தடவ கேட்டப்பவே யாரும் இல்லன்னு சொல்லியிருப்பேன் டெலா. ரெண்டாவது தடவ கேக்கட்டும்னு நின்னேன். உனக்குக் கொஞ்சம் நேரம் வேணுமோன்னு நினைச்சேன்."

நான் படியில் நின்றுகொண்டே இருந்தேன். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். போகும்போது கதவைச் சாத்தினார். என் மூஞ்சியில் அறைந்து சாத்தியிருக்கலாம். மெதுவாகத்தான் சாத்தினார்.